மெஷின் நின்றால்

எங்கள் சலவைக்கூடத்தில் மேனேஜருக்குத் தெரியாமல் ஒருத்தி தினமும் வந்துபோய்க்கொண்டிருந்தாள். சம்பளம் கிடையாது. சாப்பாடு உண்டு, அதுவும் என் டப்பாவிலிருந்து. வேறு யாருமில்லை, என் மகள்தான். ஒன்பது வயது. பேச்சு வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு ரீங்காரம் உண்டு. கண் விழித்ததிலிருந்து கண் மூடுகிறவரை, லேசாகத் திறந்த வாயிலிருந்து ஒரே சுருதியில் வந்துகொண்டே இருக்கும். நாங்கள் ஆசை ஆசையாக வைத்த பெயருக்கு அவள் ஒருநாளும் திரும்பியதில்லை. எல்லோரும் வண்டு என்றார்கள். அதற்கும் திரும்பமாட்டாள், ஆனால் பெயர் பொருந்திப் போனது.

ஊரில் இருக்கிற எல்லோருக்கும் குழந்தைகளின் சத்தம் பிடிக்கும், அது அடுத்த வீட்டுக் குழந்தையாக இல்லாதவரை. நாங்கள் குடிபோன எந்த வீட்டிலும் முதலில் "பாவம் புள்ள" என்பார்கள். பிறகு சுவரைத் தட்டுவார்கள். பிறகு வீட்டுச் சொந்தக்காரர் வந்து, கூரை ஒழுகுகிறதா என்று விசாரிக்கிற மாதிரி நின்றுவிட்டு, வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்வார். அவளைப் போன்ற பிள்ளைகளுக்கென்று இருந்த பள்ளியில் ஆயா வேலையை விட்டுப் போனதும், இன்னொரு ஆள் கிடைக்கிறவரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் வைத்துக்கொள்ள வீட்டில் யார் இருக்கிறார்கள்? நான் சலவைக்கூடத்தில் கிழிசல் தைக்கிறேன். என் வீட்டுக்காரர் அதே கூடத்தின் வேனை ஓட்டுகிறார். அதனால் காலையில் பின்பக்க ஷட்டர் வழியாக, அழுக்குத்துணி டிராலிகளோடு டிராலியாக வண்டுவும் உள்ளே வந்துவிடுவாள்.

விடுதிகளும் ஆஸ்பத்திரிகளும் அனுப்புகிற படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும்தான் எங்கள் பிழைப்பு. கூடத்தின் ஒரு பக்கச் சுவர் முழுக்கத் துவைக்கிற மெஷின்கள். எதிர்ச் சுவரில் நான்கு டிரையர்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் குனிந்து உள்ளே நுழைகிற அளவுக்கு வட்டக் கண்ணாடிக் கதவு. நடுவில் நீளமான ரோலர் இஸ்திரி. எல்லாம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் பேசக் கையைத்தான் ஆட்ட வேண்டும். மூலையில் ஒரு சின்ன அறை எனக்கு. அதில் காலால் மிதிக்கிற ஒரு தையல் மெஷின். மோட்டார் வைத்த மெஷின் ஒன்று முன்னால் இருந்தது. அது கருகிப்போனதும், "புதுசு வாங்கித் தரேம்மா" என்றார் மேனேஜர். அவர் வாயில் சர்க்கரை போட நான் இன்னும் காத்திருக்கிறேன்.

மாடியில் கண்ணாடி போட்ட மேனேஜர் அறை. அங்கிருந்து பார்த்தால் கூடம் தெரியும், என் அறை தெரியாது. மெஷின்கள் ஓடுகிறவரை வண்டுவின் ரீங்காரம் யாருக்கும் ஒரு பொருட்டில்லை. டீ நேரத்தில் எல்லாவற்றையும் நிறுத்தும்போதும் கரண்ட் போகும்போதும்தான் ஆபத்து. காது அடைத்துப்போகிற மாதிரி ஓர் அமைதி வரும். முதல்முறை அப்படிக் கரண்ட் போனபோது, அந்த அமைதியில் என் மகளின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. மேனேஜர் மாடிப்படியில் வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"என்ன சத்தம் அது?"

ரோலர் இஸ்திரியில் நிற்கிற அக்காவுக்கு எதற்கும் அசராத முகம். "எனக்குத்தான் சார், தொண்டை கட்டிக்கிச்சு. சரி பண்ணிட்டு இருக்கேன்" என்று சொல்லி, வண்டுவைவிடப் பெரிய குரலில் "ம்ம்ம்" என்று இழுத்தாள். டிரையர்களைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் விரிப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவரை எல்லோரும் பாய்லர் அண்ணன் என்போம், அவர் பார்த்துக்கொள்கிற பாய்லரும் அவருடைய கோபமும் ஒரே வேகத்தில் சூடேறும் என்பதால். அன்று அவரே சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வேலை போனால் வண்டுவை எங்கே வைப்பேன் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

அன்று சாயங்காலமே வீட்டில் பாடம் தொடங்கினோம். வீட்டிலும் ஒரு பழைய தையல் மெஷின் இருக்கிறது. அதை மிதிப்பேன், வண்டு பாடுவாள். மிதிப்பதை நிறுத்துவேன், இரண்டு விரலை அவள் உதட்டில் வைப்பேன். வாயை மூடினால், இஸ்திரிப் பெட்டியில் சூடுகாட்டிய தலையணை உறை ஒன்று அவள் மடிக்கு வரும். சூடான துணி என்றால் அவளுக்கு உயிர். கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணைச் சொருகிக்கொள்வாள். "இவளாவது கத்துக்கறதாவது" என்று உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரும் ஒரு கட்டத்தில் இறங்கிவிட்டார். வேனில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, இன்ஜினை ஓட்டுவதும் நிறுத்துவதுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தெருவில் கிடந்தார். வேன் ரிப்பேர் என்று நினைத்துத் தள்ளிவிட வந்தவர்கள் உண்டு.

கற்றுக்கொண்டுவிட்டாள். 'தண்ணி' என்ற ஒரு சொல்லை வாங்க டீச்சர்கள் வருஷக்கணக்காகத் தலைகீழாக நின்றிருக்கிறார்கள். அதற்கு மசியாத என் மகள், மெஷின் ஓடினால் பாடலாம், நின்றால் வாயை மூட வேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்டாள். விரல் வைக்கவே வேண்டியதில்லை. மெஷின் நின்ற நொடியில் உதடுகள் ஒட்டிக்கொள்ளும். அவர் அவளைத் தூக்கிச் சுற்றினார், பிறகு சமையலறைக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். எங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்து எத்தனையோ காலமாகியிருந்தது. எங்கள் பிள்ளைக்கும் ஒரு பாடம் ஏறும் என்பதே எங்களுக்குப் புதிய செய்தி.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு கீறல் மட்டும் விழுந்தது. ஒருநாள் டீ நேரத்தில் என் அறையில் கீழே கிடந்த ஊசி ஒன்று அவள் பாதத்தில் ஏறிவிட்டது. நான் கவனிக்கவில்லை. டீ குடித்து முடித்து மெஷின்கள் ஓடத் தொடங்கிய பிறகுதான் அவள் வீறிட்டாள். குனிந்து பார்த்தால் தரையில் ரத்தம் சிந்திக் காய்ந்துபோயிருந்தது. அவ்வளவு நேரமும் வாயை மூடிக்கொண்டு வலியைப் பொறுத்திருக்கிறாள். "கெட்டிக்காரி!" என்றார் பாய்லர் அண்ணன். எனக்கு அந்தப் பாராட்டு இனிக்கவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் வேலைக்கு வந்தாக வேண்டுமே.

அந்த நாளும் மற்ற நாட்களைப் போலத்தான் விடிந்தது. மத்தியானத்துக்கு முன்னால் மேனேஜர் என்னை மாடிக்குக் கூப்பிட்டனுப்பினார். வண்டு மேஜைக்கடியில் தலையணை உறையோடு உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். நான் வெளியே வந்து, எப்போதும்போல வெளித்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு மாடியேறினேன்.

ஒரு விடுதியிலிருந்து புகார். நான் ஒட்டுப்போட்ட விரிப்பில் படுத்த யாருக்கோ தையல் முதுகில் உறுத்தியதாம். அவ்வளவு மிருதுவான முதுகை நான் பார்த்ததில்லை. தலையை ஆட்டிவிட்டு, "இனிமே நைஸா தைக்கறேன் சார்" என்று சொல்லி இறங்கினேன்.

என் அறைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே தரையில் புதிதாக ஒரு குவியல் கிழிந்த விரிப்புகள். மேஜைக்கடியில் அவளுடைய செருப்பும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. அவள் இல்லை.

யாரோ கிழிசல்களைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். இரண்டு கை நிறையத் துணியோடு வருகிறவர் திரும்பிப் போகும்போது தாழ்ப்பாளை மறப்பது பெரிய குற்றமில்லை. அதெல்லாம் பிறகு யோசித்தது. அப்போது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கூடத்துக்குள் வந்தேன். சத்தம் போட்டுக் கூப்பிட்டாலும் கேட்காது. மேலே கண்ணாடிக்குப் பின்னால் மேனேஜர் உட்கார்ந்திருக்கிறார். அதனால் எதையோ தேடுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தேடினேன். சோப்பு டிரம்களுக்குப் பின்னால், கழிவறையில், மடிக்கிற மேஜைகளுக்கு அடியில். இஸ்திரி அக்காவிடம் கையை இடுப்பளவுக்குக் காட்டி, விரித்தேன். அவள் முகம் வெளிறிப்போனது. அவளும் ரோலரை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டுக் கூட வந்தாள். ஒவ்வொரு டிராலியாகக் கையை விட்டுத் துழாவினோம். வண்டுவுக்குக் குவியலுக்கு அடியில் நுழைந்துகொள்வது பிடிக்கும். துணி மேலே அழுத்த வேண்டும், சூடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்பது.

பின்பக்க ஷட்டர் பாதி திறந்திருந்தது. அதற்கு வெளியே லாரிகள் போகிற சாலை. நான் சாலையில் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தேன். பிறகுதான் வேன் நினைவுக்கு வந்தது. சற்று முன்தான் சலவைத் துணி டிராலிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தது. போனை எடுத்தேன். முதலில் வேறு யாருக்கோ போய், மறுபடி போட்டேன்.

"ஏங்க, வண்டிய ஓரமா நிறுத்துங்க."

"என்னாச்சு?"

"வண்டுவக் காணோம். பின்னாடி டிராலில ஏறியிருக்காளா பாருங்க. துணிய எல்லாம் வெளிய எடுத்துப் பாருங்க."

 இன்ஜின் நிற்கிற சத்தம் கேட்டது. இன்ஜின் நின்றால் அவள் வாயை மூடிக்கொள்வாள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. கதவு திறக்கிற சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"டிரையரப் பாத்தியா?"

அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் மனதுக்குள் வரவிடாமல் பிடித்துவைத்திருந்தேன். அவர் சொல்லிவிட்டார். போன் என் கையில் இருந்ததா விழுந்ததா தெரியவில்லை, உள்ளே ஓடினேன்.

முதல் மூன்று டிரையர்களும் சுற்றிக்கொண்டிருந்தன. கண்ணாடிக்குள் வெள்ளை வெள்ளையாக எழும்பி விழுந்தது. இரண்டாவதில் பழுப்பாக ஏதோ ஒன்று கண்ணாடியில் வந்து அறைந்து, வழுக்கி, உள்ளே போனது. அன்று வண்டு போட்டிருந்தது பழுப்பு நிறச் சட்டை.  மறுபடி வந்து அறைந்தது. ஆஸ்பத்திரிக் கம்பளியின் ஓரம். கம்பளிதான். கம்பளிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் கால்கள் அதை நம்பவில்லை.

தூணில் சிவப்பு பட்டன் இருக்கிறது. யாருடைய கையாவது மெஷினில் மாட்டினால் மட்டுமே அமுக்க வேண்டும். சும்மா அமுக்கினால் சீட்டு கிழியும் என்று சேர்ந்த நாளிலேயே சொல்லியிருக்கிறார்கள். நான் உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன்.

எல்லாம் நின்றன. அந்தப் பெரிய சத்தம் முனகிக்கொண்டே இறங்கி இல்லாமல் போனது.

"கரண்ட் போச்சா?" என்றபடி பாய்லர் அண்ணன் நாலாவது டிரையர் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்.

"வண்டுவக் காணோம்!" என்று கத்தினேன். இத்தனை மாதம் மூடிவைத்த ரகசியம் கூடத்தின் கூரையில் முட்டித் திரும்பியது.

யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவரவர் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். முதல் மூன்று டிரையர்களையும் திறந்து, கொதிக்கிற விரிப்புகளை வெறுங்கையால் இழுத்துத் தரையில் போட்டார்கள். இல்லை. துவைக்கிற மெஷின்கள் நான் மாடிக்குப் போவதற்கு முன்பிருந்தே பூட்டி ஓடிக்கொண்டிருந்தவை. நான் நாலாவது டிரையரைப் பார்த்தேன். கண்ணாடி முழுக்க வெள்ளை விரிப்பு.

"இதுல இல்லம்மா. நான்தான் என் கையால இப்ப லோடு போட்டேன்" என்றார் பாய்லர் அண்ணன். அவர் போட்டாரென்றால் அதில் சந்தேகமில்லை. எல்லோரும் டிராலிகள் பக்கம் ஓடினோம்.

"வண்டு! வண்டும்மா!"

ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். எங்கோ ஒரு குழாயில் சொட்டுகிற தண்ணீர் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

"புள்ள சும்மாவே இருக்காதே. எந்நேரமும் ம்ம்னு..." என்று தொடங்கிய இஸ்திரி அக்கா பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

மெஷின்கள் நின்றுவிட்டன. நின்றால் அவள் வாயைத் திறக்கமாட்டாள். காலில் ஊசி ஏறி ரத்தம் கொட்டினாலும் திறக்கமாட்டாள். துணிக்கடியில் மூச்சு முட்டினாலும் திறக்கமாட்டாள். நான் அப்படித்தான் வளர்த்து வைத்திருக்கிறேன்.

"மெயினப் போடுங்கண்ணே!" என்று அலறினேன். "மெஷின் ஓடுனா பாடுவா! சீக்கிரம் போடுங்க!"

பாய்லர் அண்ணன் மெயின் போர்டுக்கு ஓடினார். கைப்பிடியில் கையை வைத்தவர் திரும்பினார்.

"போட்டா இந்தச் சத்தத்துல எப்படிக் கேக்கும்?"

நான் அவர் கையையே பார்த்தேன்.

"எதுக்குள்ள இருக்கான்னே தெரியாம எப்படிம்மா போடறது?" என்றார். கையை எடுத்துவிட்டார். பாய்லர் அண்ணன் குரல் உடைந்து நான் கேட்டது அப்போதுதான்.

மேனேஜர் படியிறங்கி வந்துகொண்டிருந்தார். "யாரு பட்டன அமுக்குனது?"

"நான்தான் சார். எம்பொண்ணு உள்ள மாட்டிக்கிட்டா."

"உன் பொண்ணு எதுக்கு இங்க வந்தா?"

தினமும்தான் வருகிறாள் என்று யார் சொல்வது? எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவர் கெட்ட மனிதர் இல்லை. குழந்தை என்றதும் அவர் முகமும் மாறியது. ஆனால் மாறிய முகத்தோடு அவர் சொன்னது இதுதான்: "வெளிய எங்கயாவது போயிருப்பா, நாலு பேர் போய்ப் பாருங்க. மெயினப் போடுங்க முதல்ல, ஆஸ்பத்திரி லோடு நிக்குது."

"போடமாட்டேன் சார்" என்றார் பாய்லர் அண்ணன். போர்டை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"என்னய்யா பேசற?"

"என்னை வேலைய விட்டுத் தூக்குங்க. போடமாட்டேன்."

நான் அவர்கள் பேசுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு நொடியும் அவள் மூச்சிலிருந்து போகிறது என்று தெரிந்தும், எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்றேன்.  வலது கால் மட்டும் தானாகத் தரையை மிதித்துக்கொண்டிருந்தது, முன்னும் பின்னும், முன்னும் பின்னும். வருஷக்கணக்காகத் தையல் மெஷின் மிதித்த கால். அதைக் குனிந்து பார்த்தேன்.

"என் மெஷினத் தூக்கிட்டு வாங்க! தையல் மெஷினு! நடுக்கூடத்துக்கு!"

பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஆனால் இஸ்திரி அக்காவுக்குப் புரிந்துவிட்டது. நான்கு பேரை இழுத்துக்கொண்டு ஓடினாள். மெஷின் வந்தது. ஒரு சோப்பு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டார்கள், உட்கார்ந்தேன். வெறுமனே மிதித்தால் நூல் சிக்கி நின்றுவிடும். கையில் கிடைத்த தலையணை உறையை ஊசிக்கடியில் தள்ளினேன்.

"எல்லாரும் ஆளுக்கொரு குவியல்கிட்ட போங்க. காதை வச்சுக் கேளுங்க. யாரும் பேசாதீங்க. கேட்டா கையத் தூக்குங்க."

மிதிக்கத் தொடங்கினேன். கடகடவென்று மெஷின் ஓடியது. அந்தப் பெரிய கூடத்தில் அது ஒரு சின்னச் சத்தம். வீட்டில் அவளுக்குப் பாடம் சொன்ன சத்தம். இது கேட்டால் பாடலாம் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குக் கேட்க வேண்டும். கேட்கிற நிலையில் அவள் இருக்க வேண்டும்.

"இங்க என்னதான்..." என்று மேனேஜர் வாயெடுத்தார். கூடத்திலிருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் "ஷ்!" என்றார்கள். அவரை யாரும் அப்படி அடக்கியதில்லை. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

எழுந்து ஓடி ஒவ்வொரு குவியலாகக் கிளறிப் பார்க்கக் கை பரபரத்தது. கூடாது. கால் நின்றால் அவளும் நின்றுவிடுவாள். பெற்றவள் மட்டும் உட்கார்ந்த இடத்தில் தைத்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் பிள்ளையைத் தேடினார்கள். என் காதுக்குப் பக்கத்திலேயே மெஷின் ஓடுகிறது, எனக்கு வேறெதுவும் கேட்காது. அந்தக் கூடத்தில் அவள் குரலைக் கேட்க முடியாத ஒரே ஆள் நான்தான்.

அதனால் முகங்களைப் பார்த்தேன். முகங்களைப் படிப்பது எனக்குப் பழக்கம். வண்டு கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து டாக்டர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர்கள் முகத்திலிருந்து பதிலை எடுத்திருக்கிறேன். இப்போது குவியலுக்குக் குவியல் ஒரு தலை சாய்ந்திருந்தது. ஒருவர் முகத்திலும் ஒன்றுமில்லை. தைத்தேன். தலையணை உறை முடிந்து இன்னொன்றைத் தள்ளினேன். பயத்தில் வேகம் கூடிவிட்டது. ஐயோ, வீட்டில் இப்படி வேகமாக மிதித்ததில்லையே, அவளுக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமே என்று காலைப் பிடித்துத் தணித்தேன். அவள் செத்துப்போயிருந்தால் நான் இந்த மெஷினை எப்போது நிறுத்துவது? யார் வந்து நிறுத்தச் சொல்வார்கள்? அந்த நினைப்பு வந்ததும் கண்ணை இருட்டியது. கால் மட்டும் நிற்கவில்லை.

இஸ்திரி அக்கா டிராலிகளை விட்டுவிட்டு டிரையர்கள் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தாள். நாலாவதன் முன்னால் நின்றாள். தலையைச் சாய்த்தாள். அவள் கை மெல்ல மேலே போனது.

பாய்லர் அண்ணன் இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். கண்ணாடியில் காதை வைத்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. காதை எடுக்காமலே கண்ணைத் திருப்பிப் பக்கத்திலிருந்த லீவரைப் பார்த்தார். அது கீழே இறங்கியிருந்தது. எங்கள் டிரையர்கள் பழையவை. லீவர் கீழே இருந்தால், கரண்ட் வந்த நொடியில் யாரும் தொடாமலே சுற்றத் தொடங்கிவிடும். லோடைப் போட்டு, கதவை மூடி, அவர் லீவரை இறக்கிய நேரமும் நான் பட்டனை அடித்த நேரமும் ஒன்று. சற்று முன் நான்தான் மெயினைப் போடச் சொல்லி அலறினேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுந்து ஓடினேன்.

"நின்னுடுச்சு!" என்று இஸ்திரி அக்கா வீறிட்டாள். "ஐயோ, சத்தம் நின்னுடுச்சு! புள்ள..."

ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும். என் கால் நின்றது, அதனால் நின்றது. தெரிந்தும் நெஞ்சு நம்பவில்லை. இப்போது பார்த்து உண்மையிலேயே நின்றிருந்தால்? இந்த மௌனத்தையும் அந்த மௌனத்தையும் எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது? கதவைத் திறந்தேன். ஈர விரிப்புகளை வாரி வாரி வெளியே போட்டேன். கைக்கு அகப்பட்டதெல்லாம் துணி, துணி, மறுபடியும் துணி. கடைசியில் ஒரு பாதம் கிடைத்தது. சூடாக இருந்தது.

முந்தின லோடை இறக்கிவிட்டுக் காலியாகத் திறந்துகிடந்த டிரம் அது. வெதுவெதுப்பாக இருந்திருக்கும். கிழிசல் கொண்டுவந்து போட்டது பாய்லர் அண்ணன்தான். சூட்டு வாசனை பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே வந்து, ஏறி, உள்பக்கமாகச் சுருண்டு படுத்திருக்கிறாள். அவர் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்து, எப்போதும்போல வாரி வாரி உள்ளே எறிந்திருக்கிறார்.

வெளியே இழுத்து மடியில் போட்டேன். முடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. முகம் ரத்தச் சிவப்பு. மூக்கு விடைத்து விடைத்து மூச்சு வாங்கியது. உயிர் இருந்தது. கண்கள் திறந்திருந்தன. உடம்பெல்லாம் கிடுகிடுவென்று நடுங்கியது, ஆனால் உதடுகள் இரண்டும் வெளுக்கிற அளவுக்கு அழுந்தி மூடியிருந்தன. அழவில்லை. மெஷின்கள் நின்றிருக்கின்றனவே. அவள் என்னைப் பார்த்தாள். எல்லாம் சரியாகச் செய்துவிட்டேன் என்று சொல்கிற பார்வை.

மேனேஜர் பக்கத்தில் வந்து குனிந்தார்.  "எத்தனை நாளா இங்க வரா?"

"ஸ்கூல்ல வேணாம்னு சொன்னதிலேர்ந்து சார்."

"எனக்குத் தெரியவே இல்லயே. ஒரு சத்தம்கூடக் கேட்டதில்ல" என்றார். பிறகு, ஆறுதலாகச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, "ரொம்ப நல்ல பொண்ணு" என்றார்.

அதுவரை வராத ஆத்திரம் எனக்கு அப்போது வந்தது. அவர்மேல் இல்லை. அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"கத்துடி. வலிக்குதில்ல? பயமா இருக்குதில்ல? கத்து! வாயத் தொறந்து கத்துடி தங்கம்!"

என் குரல் உயர உயர அவள் உதடுகளை இன்னும் இறுக்கினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. வெளியே விழவில்லை. தொண்டைக்குழி மேலும் கீழும் ஏறி இறங்கியது. உள்ளே அவ்வளவும் அடைபட்டுக் கிடக்கிறது, திறக்க எனக்கு வழி தெரியவில்லை. கூடம் முழுக்க ஆட்கள் நிற்க, மூச்சுவிடுகிற சத்தம்கூட இல்லை.

தரையில் உட்கார்ந்திருந்த பாய்லர் அண்ணன் எழுந்தார். மூலையில் சாத்தியிருந்த இரும்புக் கம்பியை எடுத்தார். காலி டிராலி ஒன்றின் பக்கத்தில் ஓங்கி அடித்தார். மறுபடி அடித்தார். நிறுத்தாமல் அடித்தார். இஸ்திரி அக்கா மேஜையைத் தட்டத் தொடங்கினாள். ஒருவர் டிரம்மை, ஒருவர் ஷட்டரை, ஒருவர் என் தையல் மெஷினை. கூடம் ஓடுகிற நேரத்துச் சத்தத்துக்குக் கொஞ்சமும் குறையாமல் அதிர்ந்தது. மேனேஜர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

வண்டு சுற்றிலும் பார்த்தாள். உதடுகள் மெல்லப் பிரிந்தன. வாய் திறந்தது, முழுசாகத் திறந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, கண்ணீர் காது வரைக்கும் ஓட அழுதாள். என் மடியில்தான் கிடந்தாள். இருந்தும் அந்த இரைச்சலில் அவள் அழுகை எனக்குக் கேட்கவில்லை. குனிந்து அவள் வாயருகே காதைக் கொண்டுபோனேன், அப்போதும் கேட்கவில்லை. என் மகள் எப்படி அழுவாள் என்று ஒரே ஒருமுறை கேட்டுவிட வேண்டும் போல இருந்தது.

அவள் அழுவதைப் பார்த்ததும் பாய்லர் அண்ணனின் கை தளர்ந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கையைத் தாழ்த்தினார்கள். வண்டுவின் உதடுகள் மறுபடி நெருங்கத் தொடங்கின.

"நிறுத்தாதீங்க!" என்று கத்தினேன். "அண்ணே, கும்பிடறேன், நிறுத்தாதீங்க!"